கண்மாய் மண் என்று சொன்னேன்

1

ஒரு பழைய பாதையை வெட்டி மண்ணாக்கியவன் நான். அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, கண்மாயிலிருந்து லாரியில் வந்தது என்று பொய் சொன்னேன். இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது எனக்குக் கொஞ்சம் எளிதாக இருக்கும்.

நான் விருதுநகர்க்காரன். சிவில் இன்ஜினியர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தேன். மனைவி காலமான பிறகு மகள் நஸீமா என்னை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டாள். பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்களே "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் அளவுக்குச் சிறிய ஊர். இப்போது நானும் அந்த ஊர்க்காரன்தான். பேருந்து ஓட்டுநர் என்னைப் பார்த்தால் நான் ஓடி வரும்வரை காத்திருப்பார்.

பட்டாசுக் கம்பெனி என்றால் வெளியூர்க்காரர்கள் பெரிய கூரையும் புகைபோக்கியும் உள்ள தொழிற்சாலையை நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. பரந்த பொட்டலில் சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றிலிருந்து ஒன்று நன்றாகத் தள்ளிக் கட்ட வேண்டும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. வெடிமருந்து கலக்கும் அறைகளையும் சரக்குக் கிடங்கையும் ஒட்டி மண்மேடு எழுப்ப வேண்டும். ஏதாவது வெடித்தால் அந்த வேகத்தை மேடு வாங்கிக்கொள்ளும். அறைகளுக்கு நடுவே விடும் வெற்றிடமும், அந்த மண்மேடும்தான் அங்கே உயிரைக் காப்பவை. செங்கலும் சிமெண்டும் அதற்குப் பிறகுதான்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ரெங்கசாமி அண்ணாச்சி என்பவருக்குக் கரிசல் நிலம் இருந்தது. என்னைவிடச் சில வயது மூத்தவர். அவருடைய கிணற்றுக்கு மோட்டார் அறை கட்டிக் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். வருடா வருடம் மழை பொய்த்து அவர் நிலத்தை விற்க நினைத்தபோது, ஒரு கம்பெனி முதலாளியிடம் நான்தான் பேசி முடித்தேன். அந்த நிலத்தின் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு பாதை ஓடியது. சுற்றிலும் கறுப்பு மண். பாதை மட்டும் செம்மண்ணும் சரளையுமாக, தரையை விட முழங்கால் உயரம் தூக்கலாக இருக்கும். மழை பெய்து கரிசல் காலைக் கவ்வி இழுக்கும் நாட்களிலும் அதன்மேல் செருப்போடு நடக்கலாம். ஆடி மாதம் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்.

"காட்டக் குடுத்துருதேன் பாய். அந்தப் பாதைய மட்டும் விட்டுருங்க" என்றார் அண்ணாச்சி. "எங்க பாட்டன் பூட்டன் போட்டதில்ல அது. அதுக்கும் முந்தி. யாரு போட்டாகளோ, நடக்குறவுக நடந்துட்டுப் போகட்டும்."

"நான் பாத்துக்கிறேன் அண்ணாச்சி."

"நீங்க சொன்னாச் சரி."

பத்திரத்தில் இது எழுதப்படவில்லை. நான் சொன்னதே போதும் என்று அவர் நினைத்தார்.

2

சென்ற ஆண்டு, மகள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயலில் வீடுகள் கட்டப்போவதாக ஓர் அறிவிப்பைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். நான் நின்று முழுவதையும் படித்தேன். பழைய தொழில் பழக்கம். பின்பு நூலகத்துக்குப் போய், கணினியில் அந்த அனுமதி ஆணையைத் தேடி எடுத்து, அதன் நிபந்தனைகளையும் படித்தேன். மரம் வெட்டும் நேரம், லாரிச் சக்கரம் கழுவும் இடம், வௌவால்களுக்குத் தொந்தரவு கூடாது என்று பக்கம் பக்கமாக நிபந்தனைகள்.

"அத்தா, அந்த ஆர்டரப் போட்டவங்களே இதையெல்லாம் படிச்சிருக்க மாட்டாங்க" என்று நஸீமா சிரித்தாள்.

ஒரு நிபந்தனையில் நான் நின்றுவிட்டேன். வயலின் ஓரத்து வேலியை ஒட்டி ரோமானியர் காலத்துச் சாலை போவதாகத் தெரிவதால், மேல்மண் எடுக்கும்போது ஒரு தொல்லியலாளர் உடனிருந்து பார்க்க வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் வேலையை நிறுத்த வேண்டும்.

வேலை தொடங்கியதும் தினமும் காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு அங்கே போய் வேலிக்கு வெளியே நின்றேன். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண், மண் அள்ளும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். பெயர் ஹெலன் என்று பிறகு தெரிந்தது. என் மகளை விட இளையவர். இயந்திரத்தின் பக்கெட்டில் பற்கள் இல்லை. சட்டுவம் போல வழுவழுப்பான விளிம்பு. பல் இருந்தால் மண்ணைக் கீறிக் கலைத்துவிடும். இது இருந்தால் தோசையைத் திருப்புவது போல மண் படலமாக உரிந்து வரும். ஒவ்வொரு படலம் உரிந்ததும் ஹெலன் குனிந்து பார்ப்பார். தலையசைத்தால் இயந்திரம் நகரும்.

ஒருநாள் அவர் கையை உயர்த்தினார். இயந்திரம் அப்படியே நின்றது. ஓட்டுநர் இறங்கி பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். மேற்பார்வையாளர் வந்து, இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். ஆனால் நிறுத்தாதே என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் வேலை பல நாட்கள் நின்றது. ஹெலனும் இன்னொருவரும் முழந்தாளிட்டுச் சின்னக் கரண்டிகளால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் வேலிக்கு வெளியிலிருந்து கேட்டேன். "என்ன கிடைத்தது?"

"வண்டித் தடம்" என்றார் அவர். முகமெல்லாம் மண்ணும் சிரிப்பும். "இரண்டு சக்கரம் போன பள்ளம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!"

ஒரு நாட்டின் மிகப் பெரிய செல்வத்தைக் கண்டெடுத்தவரைப் போல அதைச் சொன்னார். அன்று மதியம் சோற்றுத் தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தேன். பேத்தி ஸாரா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "நன்னா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், அதுவும் பாதி. பதில் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும். "ஓகே" என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

3

அண்ணாச்சி நிலத்தில் நடந்தது இதுதான்.

அறைகளெல்லாம் எழும்பிவிட்டன. மண்மேடு மட்டும் பாக்கி. கரிசல் மண்ணில் மேடு நிற்காது. வெயிலில் வெடிக்கும், மழையில் குழையும். வெளியே செம்மண் பக்கத்துக் கண்மாய்களிலிருந்து நல்ல சரளை மண் வர வேண்டும். அந்தச் சமயம் அனுமதி இல்லாமல் மண் அள்ளுவதாகச் சொல்லி லாரிகளைத் தாலுகா முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லோடுகூட வரவில்லை. அதிகாரிகள் பார்வையிட வரும் நாள் நெருங்கியது. அது தவறினால் லைசன்ஸ் தள்ளிப்போகும். அந்த வருடத் தீபாவளி சீசன் போய்விடும். முதலாளி என்னிடம் கோபப்படவில்லை. "ஏதாவது வழி பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

வழி என் கண்முன்னே கிடந்தது. காலங்காலமாக மிதிபட்டு இறுகிய செம்மண்ணும் சரளையும். மேடு போட அதைவிட நல்ல மண் கிடைக்காது. ஒரு பொறியாளனாக அன்று எனக்கு அதுதான் தோன்றியது.

ஜேசிபி ஓட்டியவன் கருப்பசாமி. காலையில் தொடங்கிப் பாதையை ஓரத்திலிருந்து அள்ளிக்கொண்டே வந்தான். மேலே புழுதி. அதன் கீழே கெட்டியான சரளைப் படுகை. அதற்கும் கீழே, இரண்டு ஓரங்களிலும் வரிசையாக நிறுத்தி வைத்த கற்கள். இடையிடையே உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓட்டுத் துண்டுகள். இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். ஒரு திருப்பத்தில் பக்கெட்டின் பல் பெரிய பானை ஒன்றின் வாயைப் பெயர்த்தது. கருப்பசாமி தானாகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தான்.

"சார், இதுக்குள்ள எலும்பு கெடக்கு."

"பழைய சுடுகாடா இருக்கும்."

"சுடுகாடுன்னா சும்மா விட்டுறலாமா சார்? யாருக்காவது சொல்லணும்ல?"

"நேரமாகுது. ஓட்டுப்பா."

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஏறி ஓட்டினான்.

கை உயர்ந்தால் இயந்திரம் நிற்பதை அயல்நாட்டில் பார்த்து வியக்கிறேனே, எங்கள் பக்கத்து ஓட்டுநர் யாரும் கை உயர்த்தாமலேயே நிறுத்தினான். அவனை ஓட்டச் சொன்னது நான். தாழி, எலும்பு, கல், ஓடு எல்லாம் மருந்து அறைகளைச் சுற்றி மேடாக ஏறின. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு மேடு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

சில நாள் கழித்து ரெங்கசாமி அண்ணாச்சி, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கிலுள்ள டீக்கடையில் என்னைப் பிடித்தார். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பாதை எங்க பாய்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

"அது வெறும் வரப்பு அண்ணாச்சி. நெரவிட்டோம். உள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்போ அந்த மேடு?"

"கண்மாய் மண். லாரியில வந்தது."

அவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையிலும் கண்மாய் மண் என்றே எழுதினேன். ஒருமுறை சொன்னதைப் பிறகு எல்லா இடத்திலும் அப்படியே சொல்ல வேண்டியிருந்தது.

4

அந்த வண்டித் தடத்துக்காக வேலை நின்ற அதே வாரம், விருதுநகரிலிருந்து ஜமால் பேசினான். என் மனைவியின் தம்பி. பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தவறாமல் கூப்பிடுவான். யார் வீட்டில் கல்யாணம், யார் மவுத்தாகிப் போனார், எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் சொல்வான்.

"ஒரு சேதி மச்சான். உங்க பழைய கம்பெனிக்காரவுக, அந்த ரெங்கசாமி காட்டுக்கு அடுத்தாப்புல உள்ள காட்டையும் வாங்கிட்டாக. சீசன் முடியவும் அங்கனயும் ஷெட்டு போடப் போறாகளாம். அந்தப் பெரியவரு தெனமும் போயி நிக்காரு, 'மிச்சப் பாதையவாவது விடுங்கய்யா'ன்னு."

"மிச்சப் பாதை இருக்கா?"

"அங்கன மேடாத் தெரியுதாம். ஆளுக சிரிக்காக மச்சான். 'ரோட்டு ரெங்கசாமி'ன்னு பேரே வச்சுட்டாக."

"சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"பின்ன? வெம்பக்கோட்டையில அகழாய்வு நடந்தப்போ இவரு ஓட்டுத் துண்டெல்லாம் அள்ளிட்டுப் போயி, எங்க காட்டு மேட்டுல கெடைச்சுதுன்னு காட்டியிருக்காரு. அவுகளும் வந்து பாத்துருக்காக. கம்பெனியில, அது கண்மாய் மண்ணு, எந்தக் கண்மாயோ, இஞ்சினியரே எழுதிக் குடுத்துருக்காருன்னு சொல்லிட்டாக. எங்க இருந்து வந்த மண்ணுன்னு தெரியாம என்ன எழுத முடியும்? போயிட்டாக." ஜமால் சிரித்தான். "பழைய பாதையில ஒண்ணும் இல்லன்னு நீங்கதான மச்சான் சொன்னீக? இப்போ மிச்சத்துல மட்டும் என்ன இருக்கப் போகுது?"

அவனுக்கு எதுவும் தெரியாது. என்னை நம்பித்தான் அவனும் சிரித்தான். எப்போதோ முடிந்துபோனதாக நான் நினைத்திருந்த பொய் அங்கே இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதையையும் அது வெட்டப்போகிறது.

5

மறுநாள் காலை ஹெலனிடம் போனேன். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். மனதில் உள்ளதைச் சொல்ல அது உதவாது. "என் ஊரில் நானும் ஒரு பழைய சாலையை முடித்தேன்" என்றேன். அவர் கட்டி முடித்தேன் என்று எடுத்துக்கொண்டு, "அருமை!" என்றார். அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, இல்லை, இயந்திரத்தை வைத்து வெட்டி எடுத்தேன் என்று விளக்கினேன். அவர் சிரிப்பு போய்விட்டது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"நீங்கள் அங்கே நின்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"முழுவதும்."

"என்ன வரிசையில் மண் இருந்தது என்று நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் வரையுங்கள். மேலே என்ன, அதன் கீழே என்ன, எந்த நிறம், கல் எந்த ஓரத்தில், பானை எங்கே. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். இடம் தெரியாத ஓடு எங்களுக்கு வெறும் ஓடு. அதன் இடத்தைச் சொல்ல இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்."

அந்தப் பெண்ணுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து வரைந்தேன். கோடு ஓரளவுக்கு நேராகவே வந்தது. நஸீமா பின்னால் வந்து நின்று, என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் சின்ன வயதில் அண்ணாச்சி கிணற்றில் குளித்தவள். "அவர் நமக்குக் கம்பு அனுப்புவாரே, அது நின்னுபோனது இதுக்குத்தானா அத்தா?" என்றாள். பிறகு, "இதை ஃபோன்ல சொல்லாதீங்க. டிக்கெட் பாக்கறேன்" என்றாள்.

குடியுரிமை மாறியதால், என் ஊருக்கு நான் போக இந்திய அரசு தரும் ஓர் அட்டை வேண்டும். அந்த அட்டையில் உள்ள படத்தில் மீசை இருக்கிறது, இப்போது இல்லை. அதற்கு ஒரு விளக்கம். வயதானவன் பறக்கலாம் என்று மருத்துவர் தர வேண்டிய கடிதம், காப்பீடு, இரத்தப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் நஸீமா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வரிசையில் நின்றாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே எங்கள் வயதுக்காரர்கள் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். அந்த வரிசைகளில் நின்ற பிறகு நான் பேசுவதில்லை.

6

அதே டீக்கடை. இப்போது தகரம் போய் கான்கிரீட் கூரை. ஜமால் வண்டியை நிறுத்தினான். அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"யாரு, இஞ்சினியர் பாயா? ஆளு வெளுத்துட்டீக. அங்கன வெயிலே கெடையாதோ?"

"கொஞ்சம்தான் அண்ணாச்சி. நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன். ஏலே, பாய்க்கு ஒரு டீ போடுலே. சீனி கம்மியா. வெளிநாட்டு ஒடம்பு."

இத்தனை வருடம் கழித்து அவர் என்னிடம் பேசுகிறார். டீ வரும்வரை காத்திருந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்த மேட்டு மண்ணு கண்மாய் மண்ணு இல்ல. ஒரு லோடுகூட வெளியில இருந்து வரல. உங்க பாதையத்தான் வெட்டிக் கொட்டினேன். உள்ள கல் வரிசை இருந்துச்சு, ஓடு இருந்துச்சு, எலும்போட ஒரு தாழி இருந்துச்சு. பாத்துட்டுத்தான் ஓட்டச் சொன்னேன். இதே எடத்துல உங்கள்ட்டப் பொய் சொன்னேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. ஜமால் என்னையே பார்த்தான். அண்ணாச்சி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இத எனக்கா சொல்லுதீக? எனக்குத் தெரியாதா? மழை பெய்யிறப்பல்லாம் உங்க பொய்யி கரைஞ்சு எங்காலடிக்கு வருது பாய். ஓடு பொறுக்கிப் பொறுக்கியே எனக்கு முதுகு கூனிப்போச்சு." பெஞ்சிலிருந்தவர்கள் பக்கம் கையைக் காட்டினார். "இவனுகளுக்குச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. ரோட்டு ரெங்கசாமின்னு பேரு வச்சவன் அங்கன ஓரத்துல உக்காந்திருக்கான். அவனுக்குக் காது வேற மந்தம்."

யாரோ சிரித்தார்கள். ஓரத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் முதலிலிருந்து, சத்தமாக, மறுபடியும் சொன்னேன்.

மன்னித்தேன் என்று அண்ணாச்சி சொல்லவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு காலி பெயிண்ட் டிரம்மைக் காட்டினார். பாதிக்கு மேல் ஓட்டுத் துண்டுகள். மேடு கம்பெனி வேலிக்குப் பக்கத்தில் இருப்பதால் மழைத் தண்ணீரோடு அவை வெளியே வந்துவிடும். கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களும் பார்த்தால் எடுத்து வந்து கொடுப்பார்களாம். நான் கலைத்துப் போட்டதை அத்தனை பேர் இத்தனை வருடமாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

7

அண்ணாச்சியையும் அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். பழைய முதலாளி காலமாகிவிட்டார். அவர் மகன் உட்காரச் சொல்லி, வரைபடத்தையும் பார்த்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்தார்.

"அப்பா காலத்துல நடந்தது சார். இப்போ இதக் கிளப்புனா பழைய மேட்டப் பிரிக்கச் சொல்லுவாங்க. மேடு இல்லாம வேலை பாக்க முடியுமா? எத்தனை பேர் வேலை பாக்குறாங்க தெரியும்ல?"

"பழைய மேட்ட யாரும் தொட வேண்டாம் தம்பி. அது ஆளுகளக் காப்பாத்துது. அது இருக்கட்டும். புது இடத்தோட பிளானக் காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி விரித்தார். பக்கத்தில் அண்ணாச்சியும் குனிந்தார். பாதை எங்கே போகிறது என்று அண்ணாச்சி விரலால் காட்ட, நான் பென்சிலால் கோடு போட்டேன். கோடு மூன்று அறைகளுக்குள் புகுந்து போனது. அறைகளை வடக்கே கொஞ்சம் நகர்த்தினேன். அறைக்கும் அறைக்கும் நடுவே எப்படியும் வெற்றிடம் விட்டாக வேண்டும், விதியே அதுதான். அந்த வெற்றிடத்துக்குள் பாதை முழுவதும் அடங்கிவிட்டது. ஓர் அறைகூடக் குறையவில்லை. பிளானைத் திரும்ப அனுமதிக்கு அனுப்ப வேண்டும், மேட்டு மண்ணை முறைப்படி அனுமதி வாங்கிக் கண்மாயிலிருந்து கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

இளம் முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத அன்னைக்கே செஞ்சிருக்கலாமே சார்?"

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"செஞ்சிருக்கலாம்" என்றேன். அன்று பென்சில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அனுமதி வாங்கி மண் கொண்டுவர நாளாகும் என்ற சோம்பலும் பயமும், மண் சும்மா கிடைக்கிறதே என்ற ஆசையும்தான். பெரிய காரணம் எதையாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். இல்லை.

அவர் ஒத்துக்கொண்டார். சட்டப்படி அவரை யாரும் அன்று கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. நல்ல மனிதர்.

தொல்லியல் துறைக்கு எழுதினோம். ஓர் அலுவலர் வந்தார். புது இடத்தில் பாதை இருக்கிறதா என்று உறுதிசெய்ய மேல்மண்ணை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், தாமும் உடனிருப்பதாகச் சொன்னார். வழுவழுப்பான பக்கெட் எங்கே கிடைக்கும்? ஜேசிபியைத் திருத்தங்கலில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போய், பற்களுக்கு மேலே தட்டையான இரும்புப் பட்டை ஒன்றை வெல்டிங் வைத்தோம். "பல்லுக்குக் கிளிப்பு போடுற மாதிரிப் போட்டாச்சு, இனி கடிக்காது" என்றார் வெல்டர். அது ஹெலனின் பக்கெட்டைப் போலவே மண்ணை உரித்தது.

நான் இயந்திரத்தின் பக்கத்திலேயே நடந்தேன். வெயில் தாங்காமல் ஜமால் என்மேல் குடை பிடித்துக்கொண்டு, "கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கீக மச்சான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பாதைமேல் உழவில் ஏறியிருந்த கரிசல் உரிந்து உரிந்து வந்தது. ஓரிடத்தில் சிவப்புத் தெரிந்தது. அலுவலர் கவனிப்பதற்குள் அண்ணாச்சி கையை உயர்த்திவிட்டார். இயந்திரம் நின்றது.

தாழி ஒன்றும் இல்லை. கெட்டியான சரளைப் படுகை, இரண்டு ஓரமும் நிறுத்திய கற்கள், நடுவே இரண்டு நீளப் பள்ளங்கள். அலுவலர் நான் வரைந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கல் வரிசையும் மண் வரிசையும் பொருந்தின. எந்தக் காலத்தது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார். அண்ணாச்சியின் டிரம்மில் இருந்த ஓடுகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் ரெங்கசாமி நிலத்தின் பாதையிலிருந்து வெட்டப்பட்டு மேட்டில் சேர்ந்தது என்று எழுதினார். சாட்சி என்று என் பெயர்.

பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணாச்சி கேட்டார். "இனி இதுல யாரும் நடக்க முடியாதாக்கும்?"

முடியாது. மருந்து வேலை நடக்கிற வளாகத்துக்குள் வெளியாட்கள் நுழைய முடியாது. மண்ணைத் திரும்ப மூடி, சுற்றிக் கம்பி கட்டி விடுவார்கள். இருக்கன்குடிக்குப் போகிறவர்கள் லாரிகளுக்கு நடுவே தார் ரோட்டில்தான் நடக்க வேண்டும். நான் அவருக்குக் கொடுத்த வாக்கு நடக்கிறவர்களைப் பற்றியது. அதை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

"முடியாது அண்ணாச்சி."

"கெடக்கட்டும். இங்கன இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சிருச்சுல்ல" என்றார். புறப்படும்போது ஒரு பை கம்பு கொடுத்தார். "மகளுக்கு. உங்களுக்கில்ல."

8

திரும்பி வந்தபோது பின் வயலில் வீடுகள் எழும்பியிருந்தன. ரோமானியர் சாலை இருந்த இடத்தை மட்டும் புல்வெளியாக விட்டிருக்கிறார்கள். ஆட்கள் நாயை நடத்திக்கொண்டு போகிறார்கள். ஹெலன் வேறு ஊருக்கு மாறிவிட்டார். நாங்கள் எடுத்த படங்களை அவருக்கு அனுப்பினேன். "வண்டித் தடம்!" என்று மட்டும் பதில் எழுதியிருந்தார்.

கம்பை நஸீமா களியாகக் கிண்டினாள். ஸாரா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய்க்கும் தட்டை நீட்டினாள்.

ஐப்பசியில் அங்கே நல்ல மழை என்று ஜமால் சொன்னான். அந்த வாரம் அண்ணாச்சியிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அவர் மகன் போட்டுக் கொடுத்திருப்பான் போலிருக்கிறது. பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். ஸாரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாய், மழை பெஞ்சுது. போயிப் பாத்துட்டு வந்தேன். பழைய மேட்டுல இன்னும் ஓடு வருது. எடுத்து வச்சிருக்கேன், ஆபீசர் வந்தாக் குடுக்கணும். புது மேட்டையும் போயிப் பாத்தேன். நல்லாத் தேடிப் பாத்தேன். ஒண்ணும் வரல பாய். வெறும் கண்மாய் மண்ணுதான்."

"என்ன சொல்றார் நன்னா?" என்று ஸாரா கேட்டாள். தமிழில் கேட்டாள்.

நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.